பந்தயம் செத்தபின் பிறந்த கார்கள்: போர்ஷே 959, ஃபெராரி எஃப்40

எண்பதுகளின் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு சீக்கிரமே இரண்டு பெயர்களுக்கு வந்துவிடும். ஒன்று போர்ஷே 959, இன்னொன்று ஃபெராரி எஃப்40. இரண்டும் 1987-ஆம் ஆண்டின் கார்கள். இரண்டிலும் மூன்று லிட்டருக்கும் குறைவான என்ஜின், அதோடு காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் இரட்டை டர்போ. இரண்டும் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டின. அந்தக் காலத்தில் வளர்ந்த கார் பிரியர்கள் இன்றும் எது உசத்தி என்று சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அந்தச் சண்டை வழக்கமாக எங்கே போய் முடியும் என்பதும் தெரிந்ததுதான். 959 மூளை, எஃப்40 இதயம். ஜெர்மன்காரர்கள் கணக்குப் போட்டுக் கட்டினார்கள், இத்தாலிக்காரர்கள் உணர்ச்சியில் கட்டினார்கள் என்பார்கள். எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. போர்ஷே இந்தக் காரில் கொட்டிய பணத்தைப் பார்த்தால் கணக்குப் பார்த்தவர்கள் செய்த வேலை மாதிரியே தெரியாது. கையில் இருந்ததை வைத்து, ஒரு வருடத்துக்குச் சற்று அதிகமான காலத்தில், லாபத்தோடு வேலையை முடித்தது ஃபெராரிதான். இரண்டு நிறுவனங்களுக்கும் அந்த நேரத்தில் இருந்த கவலைகள் வேறு வேறு. அதைப் பிடித்துக்கொண்டால் இந்தக் கார்களின் டர்போ முதல் கதவுக் கைப்பிடி வரை ஏன் அப்படி இருக்கின்றன என்பது விளங்கிவிடும்.

ஒரே விதியிலிருந்து

இரண்டுக்கும் மூலம் ஒன்றே: குரூப் பி. மோட்டார் பந்தயங்களை நிர்வகித்த ஃபிசா அமைப்பு 1982-இல் கொண்டுவந்த பிரிவு அது. பந்தயத்துக்கு வரும் காரைப் பொதுமக்களுக்கும் விற்றாக வேண்டும், குறைந்தது 200 கார்களாவது கட்டியாக வேண்டும் என்பது நிபந்தனை. முந்தைய குரூப் 4 பிரிவில் அது 400 ஆக இருந்தது. பாதியாகக் குறைத்ததால் நிறுவனங்களுக்குத் தைரியம் வந்தது. தொழில்நுட்பத்திலும் கட்டுப்பாடுகள் குறைவு. டர்போ போடலாம், நான்கு சக்கரங்களுக்கும் விசை கொடுக்கலாம், உடலை எந்தப் பொருளில் வேண்டுமானாலும் செய்யலாம்.

ஒரு இடத்தில் மட்டும் விதி பிடி போட்டது. டர்போ என்ஜினின் கொள்ளளவை 1.4-ஆல் பெருக்கித்தான் வகுப்பு தீர்மானிக்கப்படும். நான்கு லிட்டர் வகுப்புக்குள் நிற்க வேண்டுமென்றால் உண்மையான கொள்ளளவு 2,857 சிசிக்கு மேல் போகக்கூடாது. இப்போது இரண்டு கார்களின் அளவுகளைப் பாருங்கள். போர்ஷே 959-இன் என்ஜின் 2,849 சிசி. ஃபெராரி 1984-இல் ஜெனீவா கண்காட்சியில் குரூப் பி-க்காகக் காட்டிய 288 ஜிடிஓ 2,855 சிசி. இரண்டும் கோட்டின் ஓரத்தில் உரசிக்கொண்டு நிற்கின்றன. ஒரே விதிப்புத்தகத்தை இரண்டு ஊர்களில் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள்.

எஃப்40-இன் என்ஜின் 2,936 சிசி. 1.4-ஆல் பெருக்கினால் நான்கு லிட்டரைத் தாண்டிவிடுகிறது. 288 ஜிடிஓ-வின் அதே வி8 என்ஜினில் சிலிண்டர் விட்டத்தை 80 மில்லிமீட்டரிலிருந்து 82 ஆக்கி, பிஸ்டன் ஓட்டத்தைச் சற்றே குறைத்ததால் வந்த அளவு இது. குரூப் பி-க்குள் நிற்க வேண்டிய கட்டாயம் இருந்திருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள். எஃப்40 கட்டப்பட்டபோது அந்தக் கட்டாயம் போய்விட்டது. என் பார்வையில் இந்த இரண்டு கார்களைப் பற்றிச் சொல்லப்படும் எத்தனையோ கதைகளைவிட இந்த 81 சிசி வித்தியாசம் அதிகம் சொல்கிறது.

குரூப் பி எப்படி முடிந்தது என்பது ராலி ரசிகர்களுக்கு நன்றாகத் தெரியும். 1986 மார்ச்சில் போர்ச்சுகல் ராலியில் ஒரு ஃபோர்டு ஆர்எஸ்200 கூட்டத்துக்குள் பாய்ந்து பார்வையாளர்கள் இறந்தார்கள். மே மாதம் கோர்சிகா தீவில் ஹென்றி டோய்வோனனும் அவருடைய துணை ஓட்டுநர் செர்ஜியோ கிரெஸ்டோவும் சென்ற லான்சியா டெல்டா எஸ்4 சாலையை விட்டு விழுந்து எரிந்தது. இருவரும் பிழைக்கவில்லை. 1987 முதல் குரூப் பி கிடையாது என்று ஃபிசா உடனே அறிவித்தது. கையில் பாதி முடிந்த பந்தயக் காரை வைத்துக்கொண்டு, ஓட்டுவதற்குப் பந்தயம் இல்லாமல் இரண்டு நிறுவனங்களும் நின்றன.

சுவரில் இருந்த வரைபடம்

போர்ஷேயின் கவலை 911-ஐப் பற்றியது. 1963-இல் அறிமுகமான கார். என்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும், காற்றால் குளிரும். எழுபதுகளின் கடைசியில் எர்ன்ஸ்ட் ஃபூர்மான் தலைமையிலான நிர்வாகம் இதன் காலம் முடிந்தது என்று நினைத்தது. முன்னால் என்ஜின் வைத்த 928-தான் எதிர்காலம் என்பது திட்டம். 1981-இல் பீட்டர் ஷூட்ஸ் தலைவராக வந்தார். பொறியியல் தலைவர் ஹெல்முத் பாட்டின் அறைச் சுவரில் தயாரிப்புத் திட்ட வரைபடம் ஒன்று மாட்டியிருந்தது. 928, 944 இரண்டின் கோடுகளும் நீண்டுகொண்டே போயின. 911-இன் கோடு மட்டும் 1981-இல் நின்றது. ஷூட்ஸ் ஒரு மார்க்கரை எடுத்து அந்தக் கோட்டை வரைபடத்தின் விளிம்பைத் தாண்டிச் சுவரிலும் இழுத்துவிட்டார். பின்னாளில் இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். சொல்லிச் சொல்லிக் கொஞ்சம் மெருகேறியும் இருக்கலாம், ஆனால் முடிவு உண்மைதான்: 911 பிழைத்தது.

பிழைத்தது சரி, அடுத்து என்ன? இருபது வருடப் பழைய வடிவத்தில் இன்னும் எவ்வளவு உயிர் மிச்சம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு காரணம் தேவைப்பட்டது. குரூப் பி அதைக் கொடுத்தது. 1980-இல் வந்த ஆடி குவாட்ரோ, நான்கு சக்கர விசை வேகமான கார்களுக்கும் பொருந்தும் என்று காட்டியிருந்தது. 1983 பிராங்ஃபர்ட் கண்காட்சியில் போர்ஷே ஒரு வெள்ளைக் காரை நிறுத்தியது. அதன் பெயரே 'குருப்பே பி'. நடுவில் பார்த்தால் 911-இன் கதவும் கண்ணாடியும். சுற்றிலும் காற்று வழுக்கிச் செல்ல இழைத்த புதிய உடல். அதுதான் 959 ஆனது.

பொறுப்பு மன்ஃப்ரெட் பான்டில் தலைமையிலான குழுவிடம் போனது. அவர்கள் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. என்ஜின் போர்ஷேயின் பந்தயக் கார்களிலிருந்து வந்த ஆறு சிலிண்டர். சிலிண்டர்கள் காற்றால் குளிர்ந்தன, மேல்பகுதி மட்டும் தண்ணீரால் குளிர்ந்தது. ஒரு சிலிண்டருக்கு நான்கு வால்வு வைத்தால் அந்த இடத்தில் சேரும் வெப்பத்தைக் காற்று மட்டும் சமாளிக்காது, அதனால் இந்தக் கலப்பு. இணைப்புத் தண்டுகள் டைட்டானியம். உடல் அலுமினியமும் கெவ்லார் என்ற வலுவான இழைக் கலவையும். கியர் ஆறு, அதில் முதலாவது ஜி என்று குறிக்கப்பட்ட, கரடுமுரடான நிலத்துக்கான மிகத் தாழ்ந்த கியர். ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு ஷாக் அப்சார்பர். சாலையில் காரின் உயரத்தை 120, 150, 180 மில்லிமீட்டர் என்று மாற்றலாம். வேகம் கூடினால் கார் தானே தாழ்ந்துகொள்ளும். மெக்னீசியம் சக்கரங்களின் ஆரங்கள் உள்ளே வெற்றாக இருந்தன, டயர் அழுத்தம் குறைந்தால் ஓட்டுநருக்கு எச்சரிக்கை வரும். 1987-இல்!

இவற்றில் முக்கியமானது நான்கு சக்கர விசை அமைப்பு. முன் சக்கரங்களுக்கு எவ்வளவு விசை போக வேண்டும் என்பதை ஒரு பல தட்டுக் கிளட்ச் தீர்மானித்தது. தட்டுகளை எவ்வளவு அழுத்துவது என்பதைக் கணினி சொல்லும். சாதாரணமாகப் போகும்போது முன்னால் 40 சதவீதம், பின்னால் 60. முழு வேகத்தில் கிளம்பும்போது காரின் எடை பின்பக்கம் சாய்வதால் 80 சதவீதம் வரை பின்னால் போகும். காய்ந்த சாலை, ஈரம், பனி, சிக்கிக்கொண்ட நிலை என்று நான்கு விதமாக ஓட்டுநர் தேர்ந்தெடுக்கலாம். இன்று சாதாரண எஸ்யூவியில் ஒரு திருகுக் குமிழில் இருக்கும் வசதி. அன்று அது வேறெங்கும் இல்லை.

சோதனைக்கூடம் என்று அவர்கள் தேர்ந்தெடுத்தது பாலைவனத்தை. 1984 பாரிஸ்–டக்கார் ராலியில் நான்கு சக்கர விசை பொருத்திய 911 ஒன்றை அனுப்பினார்கள். ரெனே மெட்ஜ் அதை ஓட்டி வென்றார். அடுத்த ஆண்டு 959 உடலோடு போன மூன்று கார்களும் முடிவை எட்டவில்லை. 1986-இல் டர்போ என்ஜினோடு திரும்பிப் போனார்கள். மெட்ஜ் முதலிடம், ஜாக்கி இக்ஸ் இரண்டாமிடம். மூன்றாவது கார், மற்ற இரண்டுக்கும் உதிரிபாகம் சுமந்து போக வேண்டியது, பொறியாளர் ரோலன்ட் குஸ்மாவ்ல் ஓட்டி ஆறாவதாக வந்தது. பணிமனையைச் சுமந்த வண்டியும் ஆறாமிடம் என்றால் மற்றவர்களின் மனநிலையை யோசித்துப் பாருங்கள். அதே ஆண்டு ஜூனில் இதன் வட்டப்பாதை வடிவமான 961 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஏழாவதாக வந்தது. அதற்குள் குரூப் பி-யின் கதை முடிந்திருந்தது.

பந்தயம் போனாலும் போர்ஷே நிறுத்தவில்லை. ஏற்கெனவே முன்பணம் வாங்கியிருந்தார்கள், நிறுத்தவும் முடியாது. வாடிக்கையாளர்களுக்கு 1987-இலும் 1988-இலும் 292 கார்கள் போயின. ஜெர்மனியில் விலை 4,20,000 மார்க். ஒவ்வொன்றையும் கட்டிக்கொடுக்க போர்ஷேக்கு ஆன செலவு விலையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். சரியான தொகை எதுவானாலும் விற்க விற்க நஷ்டம் என்பதில் சந்தேகமில்லை.

மாரனெல்லோவின் கவலை

இத்தாலியின் மாரனெல்லோவில் இருந்த ஃபெராரியின் நிலைமை வேறு. 288 ஜிடிஓ 272 கார்கள் வரை விற்றுவிட்டது. அந்த வகையில் கணக்கு நேர். ஆனால் அதன் பந்தய வடிவமான எவலூசியோனே, 650 குதிரைத்திறனோடு விரல்விட்டு எண்ணக்கூடிய சில கார்களாகக் கட்டப்பட்டு, ஓட இடமில்லாமல் நின்றது. கூடவே இன்னொரு குறையும் இருந்தது. ஃபெராரிகள் மென்மையாகிவிட்டன என்ற பேச்சு. டெஸ்டரோசா அகலமான, சொகுசான கார். 412-ஐ ஆட்டோமேட்டிக் கியரோடு கூட வாங்கலாம். பந்தயத்துக்குப் பணம் சேர்க்கவே சாலைக் கார் விற்ற ஒரு மனிதரின் நிறுவனத்துக்கு இந்தப் பேச்சு உறுத்தாமல் இருக்குமா?

என்சோ ஃபெராரிக்கு அப்போது எண்பத்தெட்டு வயது. நிறுவனத்தின் முதல் கார் 1947-இல் வந்தது. நாற்பதாம் ஆண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. எவலூசியோனேயைச் சாலைக்கு ஏற்றபடி மாற்றினால் என்ன என்ற யோசனை நிக்கோலா மத்தெராட்சியின் கைக்கு வந்தது. டர்போ விஷயத்தில் ஃபெராரியின் ஆள் அவர்தான். 288 ஜிடிஓ-வும் அவருடைய வேலை. உடல் வடிவம் பினின்ஃபரீனா. ஓவியப் பலகையிலிருந்து அறிமுகம் வரை சுமார் பதின்மூன்று மாதம். புதிதாகக் கண்டுபிடிக்க நேரமில்லை, தேவையும் இல்லை. எஃகுக் குழாய்ச் சட்டகம் ஃபெராரிக்குக் கைவந்த பழைய வித்தை. அதன் மேல் கார்பன் ஃபைபர், கெவ்லார் தகடுகளை ஒட்டி இறுக்கினார்கள். அதுதான் புதிது.

மீதி வேலை கழிப்பது. கம்பளம் இல்லை, ரேடியோ இல்லை. கதவை உள்ளிருந்து திறக்க ஒரு கயிறு. ஆரம்பக் கார்களில் கண்ணாடி கூட இல்லை, இழுத்துத் தள்ளும் பிளாஸ்டிக் ஜன்னல். ஸ்டீயரிங்குக்குத் துணைவிசை இல்லை, பிரேக்குக்கும் இல்லை, ஏபிஎஸ் இல்லை. இருக்கைக்கு மூன்று அளவு உண்டு. உடம்பைப் பார்த்து ஒன்றைப் பொருத்திக் கொடுப்பார்கள். பெயின்ட்டை அவ்வளவு மெல்லியதாக அடித்தார்கள், உற்றுப் பார்த்தால் அடியில் இருக்கும் கார்பன் ஃபைபரின் நெசவே தெரியும். பின்னால் மூன்று புகைக்குழாய்கள். ஓரத்தில் உள்ள இரண்டும் என்ஜினின் இரு பக்கத்துக்கு. நடுவில் இருப்பது டர்போவின் அதிகப்படி அழுத்தத்தை வெளியே விடுவதற்கு.

1987 ஜூலை 21-ஆம் தேதி மாரனெல்லோவில் போர்வை விலக்கப்பட்டது. என்சோ அங்கே இருந்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 14-ஆம் தேதி தொண்ணூறு வயதில் அவர் காலமானார். அவர் காலத்தில் அறிமுகமான கடைசி ஃபெராரி இது என்ற பேச்சு அன்றிலிருந்து காரோடு ஒட்டிக்கொண்டது, விலையிலும்தான்.

எண்களை எப்படிப் படிப்பது

இந்த இரண்டையும் ஒப்பிடும் அட்டவணைகள் ஏராளம். 959: 450 குதிரைத்திறன், 1,450 கிலோ, மணிக்கு 317 கி.மீ. எஃப்40: 478 குதிரைத்திறன், 1,100 கிலோ, மணிக்கு 324 கி.மீ. பார்த்தவுடன் ஃபெராரி ஜெயித்துவிட்டது போலத் தோன்றும்.

முதலில் எடை. ஃபெராரி சொன்ன 1,100 கிலோ உலர் எடை. அதாவது பெட்ரோல், ஆயில், தண்ணீர் எதுவும் இல்லாத கார். போர்ஷே சொன்னது ஓடத் தயாராக இருக்கும் காரின் எடை. திரவங்களை ஊற்றித் தராசில் ஏற்றிய எஃப்40 கார்கள் அதைவிட நூறு கிலோவுக்கும் மேல் கூடுதலாகக் காட்டின. அப்போதும் அது 959-ஐவிட இலகுதான். ஆனால் இடைவெளி அட்டவணையில் இருப்பதைவிடக் குறைவு. இத்தாலிய நிறுவனங்கள் அன்று எல்லாமே உலர் எடையைத்தான் விளம்பரப்படுத்தின, அதனால் இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். படிக்கிறவர்தான் கவனமாக இருக்க வேண்டும்.

அடுத்தது டர்போ. இதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்த்தால்தான் இரண்டு கார்களின் குணமும் பிடிபடும். என்ஜினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சிறு சுழலியைச் சுற்றுகிறது. அதே அச்சில் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சுழலி வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறது. அதிகக் காற்று, அதிக எரிபொருள், அதிக விசை. சிக்கல் என்னவென்றால், என்ஜின் மெதுவாகச் சுழலும்போது புகை குறைவு. பெரிய சுழலியைச் சுற்ற அது போதாது. ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டு விசைக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். சுழலியைச் சிறிதாக்கினால் சீக்கிரம் சுற்றும், ஆனால் உயர் வேகத்தில் அதற்கு மூச்சு முட்டும்.

எஃப்40-இல் ஜப்பானின் ஐஎச்ஐ நிறுவனத்தின் இரண்டு டர்போக்கள், என்ஜினின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்று. இரண்டும் ஒரே நேரத்தில் விழிக்கும். நிமிடத்துக்கு மூவாயிரத்துச் சொச்சம் சுற்று வரை அது ஒரு சுமாரான மூன்று லிட்டர் கார். அதைத் தாண்டியதும் மொத்த விசையும் ஒரேயடியாகப் பின் சக்கரங்களில் வந்து விழும். அந்த நேரத்தில் சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா, சாலை காய்ந்திருக்கிறதா என்பதெல்லாம் ஓட்டுநரின் பொறுப்பு.

959-இலும் டர்போ இரண்டுதான், ஆனால் வரிசையில் வேலை செய்தன. தாழ்ந்த சுற்றில் என்ஜினின் புகை முழுவதும் ஒரே டர்போவுக்குப் போகும். எனவே அது சீக்கிரம் விழித்துக்கொள்ளும். நாலாயிரம் சுற்றைத் தாண்டியபின் வால்வுகள் திறந்து இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும். தொடக்கத்தில் சிறிய டர்போவின் சுறுசுறுப்பு, கடைசியில் இரண்டின் பலம். 100 கி.மீ. வேகத்தை அது 3.7 வினாடியில் எட்டியதாக ஜெர்மனியின் ஆட்டோ மோட்டார் உண்ட் ஸ்போர்ட் பத்திரிகை அளந்தது. நான்கு சக்கரமும் தரையைப் பிடித்துக்கொண்டு கிளம்பும் காரோடு, பின் சக்கரம் இரண்டும் வழுக்கத் துடிக்கும் கார் முதல் நூறு மீட்டரில் போட்டி போட முடியாது. வேகம் ஏறியபின், இலகுவான உடலோடு எஃப்40 விட்டதைப் பிடிக்கும். ஆக, யார் வேகம் என்ற கேள்விக்கு எங்கே, எந்தச் சாலையில், மழையா வெயிலா என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

உச்ச வேகமும் அப்படித்தான். எஃப்40-ஐ மணிக்கு 200 மைலைத் தாண்டும் முதல் சாலைக் கார் என்று விளம்பரப்படுத்தினார்கள். போர்ஷே பெரிய டர்போ பொருத்திய ஒரு 959-ஐக் கொண்டுவந்தது. 1988-இல் இத்தாலியின் நார்தோ வட்டப்பாதையில் அது 339 கி.மீ. தொட்டது. அப்பாடா என்று அவர்கள் உட்காரும் முன்பே, பவேரியாவின் ஃபாஃபன்ஹவுசன் என்ற சின்ன ஊரில் இருந்த ரூஃப் பட்டறை தன் மஞ்சள் நிற சிடிஆர்-ஐ அதே நார்தோவில் 342 கி.மீ.க்கு ஓட்டிக் காட்டிவிட்டது. அதன் அடிப்படை பழைய காற்றுக் குளிர் 911. விசை பின் சக்கரங்களுக்கு மட்டும். கணினி வித்தை ஒன்றும் கிடையாது. இரண்டு ஜாம்பவான்கள் முறைத்துக்கொண்டிருக்க, மூன்றாவது ஆள் கோப்பையோடு போய்விட்டான். இந்த விஷயத்தை இரண்டு கட்சிக்காரர்களுமே அதிகம் பேசுவதில்லை.

பணம் எங்கே போனது

959-க்கான செலவு எங்கே போனது என்று தேடினால் பின்னால் வந்த 911-களில் கிடைக்கிறது. 1989-இல் வந்த 964 வரிசையின் காரெரா 4, நான்கு சக்கர விசையோடு விற்ற முதல் வழக்கமான 911. 959-இன் அமைப்பைவிட எளிமையானது. 1995-இல் அடுத்த தலைமுறை 911-ஆன 993-இன் டர்போ வந்தது. இரட்டை டர்போ, நான்கு சக்கர விசை, ஆறு கியர். எட்டு வருடத்துக்கு முன்பு 4,20,000 மார்க்குக்கு விற்ற கலவை, இப்போது ஏறக்குறைய அதில் பாதி விலையில் ஷோரூமில் நின்றது. இன்றைய 911 டர்போ அந்தப் பரம்பரைதான். 1981-இல் சாகக் கிடந்த ஒரு காருக்கு இன்னும் எவ்வளவு தூரம் ஓட முடியும் என்று காட்டிய பரிசோதனை அது. பரிசோதனைக்குப் பணம் கொடுத்தவர்கள் மட்டும் அதன் பலனைப் பார்க்கப் பதவியில் இல்லை. 1987 அக்டோபரில் பங்குச்சந்தை சரிந்தது, டாலர் விழுந்தது, அமெரிக்க விற்பனை சுருங்கியது. அந்த ஆண்டு முடிவில் ஷூட்ஸ் வெளியேறினார்; அடுத்து ஹெல்முத் பாட்டும் ஓய்வுபெற்றார்.

அமெரிக்காவில் 959-ஐ விற்கவே முடியவில்லை. மோதல் சோதனைக்குக் கார்களைக் கொடுக்க போர்ஷே தயாராக இல்லாததால் அங்கே அனுமதி கிடைக்கவில்லை. பில் கேட்ஸ் ஒன்றை வாங்கி இறக்குமதி செய்ய, அது சான் பிரான்சிஸ்கோ சுங்கக் கிடங்கில் பத்தாண்டுகளுக்கும் மேல் கிடந்தது. வரலாற்று மதிப்புள்ள கார்களை ஆண்டுக்கு 2,500 மைல் வரை ஓட்டலாம் என்ற விதிவிலக்கு தொண்ணூறுகளின் இறுதியில் வந்த பிறகே இத்தகைய கார்களுக்கு அங்கே வழி பிறந்தது. எஃப்40 அங்கே சட்டப்படி, அமெரிக்க வடிவத்தில், தாராளமாக விற்றது.

எஃப்40-இலிருந்து வழக்கமான ஃபெராரிகளுக்குப் போன தொழில்நுட்பம் என்று பெரிதாக எதையும் சொல்ல முடியாது. அடுத்து வந்த 348-இலும் 355-இலும் டர்போ கூட இல்லை. ஆனால் எஃப்40 வேறொன்றைக் கற்றுக்கொடுத்தது: அளவாகக் கட்டி, அதிக விலைக்கு, தேர்ந்தெடுத்த ஆட்களுக்கு விற்கும் வியாபாரம். அதையும் ஃபெராரி தட்டுத்தடுமாறித்தான் கற்றது. முதலில் 400 கார்கள் என்றார்கள். என்சோ இறந்ததும் விலை ஏறியது. ஓட்டும் எண்ணமே இல்லாதவர்கள் முன்பதிவு ரசீதையே கைமாற்றி விற்றார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கட்டிக் கொடுத்து, 1992 வரை எண்ணிக்கை 1,311-ஐத் தொட்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சந்தை கவிழ்ந்தபோது ஊக வணிகர்கள் நன்றாகச் சூடு பட்டார்கள். 1995-இல் எஃப்50 வந்தபோது ஃபெராரி முதலிலேயே 349-தான் என்று சொல்லிவிட்டது. அமெரிக்காவில் அதை உடனே மறுவிற்பனை செய்யாதபடி ஆரம்பத்தில் குத்தகைக்குத்தான் கொடுத்தது. 2002-இன் என்சோ, 2013-இன் லாஃபெராரி எல்லாம் அந்தப் பாடத்தின் தொடர்ச்சி.

இப்போது ஏலங்களில் எஃப்40 இருபது லட்சம் டாலரைச் சர்வசாதாரணமாகத் தாண்டுகிறது. 959 பொதுவாக அதற்குக் கீழே நிற்கிறது. எண்ணிக்கையில் 959 நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு, அதைக் கட்டப் பிடித்த உழைப்போ பல மடங்கு. அரிதான பொருளுக்கு விலை அதிகம் என்ற கணக்கு இங்கே உதவவில்லை. பராமரிப்பு ஒரு காரணம். 959-இன் ஹைட்ராலிக் சஸ்பென்ஷனைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் சிலரே. ஃபெராரி என்ற பெயரும், என்சோவின் கடைசிக் கார் என்ற கதையும் இன்னொரு காரணம். மூன்றாவது காரணம் 959-இன் வெற்றியேதான். நான்கு சக்கர விசை, டயர் அழுத்த எச்சரிக்கை, உயரம் மாறும் சஸ்பென்ஷன் எல்லாம் இன்று ஷோரூமில் கேட்டால் கிடைக்கும். துணைவிசை இல்லாத பிரேக்கும், ஓட்டுநரைக் காப்பாற்றும் மின்னணு எதுவும் இல்லாத 478 குதிரைத்திறனும் அப்படிக் கிடைக்காது. 2014 நவம்பர் முதல் ஐரோப்பாவில் விற்கும் புதுக் கார்களுக்குச் சறுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கட்டுப்பாடே கட்டாயமாகிவிட்டது.